வரப்பின் மேல் ஒரு நடைபாதை

போர்ட் பிளேரில் சமதரை என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு நான் மாலை போட்டு மரியாதை செய்வேன். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து ஏற்றம், இறக்கம், மறுபடியும் ஏற்றம். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. "நடங்க, ஆனா சமதரையில மட்டும் நடங்க" என்று மன்னார்குடி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் இந்த ஊரைப் பார்த்ததில்லை.

டெலானிபூர் ஏற்றத்தில் நான் வந்த ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் தெலுங்குக்காரர், பேசியது இந்தி. எனக்குப் புரிந்த வரையில் அவர் சொன்னது இதுதான்: "அம்மா, பை இருந்தால் வண்டி ஏறும். நீங்கள் இருந்தால் ஏறாது. எதை இறக்கலாம், நீங்களே சொல்லுங்கள்." நான் இறங்கினேன். என் பை ஆட்டோவில் ஜோராக மேலே போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அக்கா மகள் செல்வி போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட்டில் இருக்கிறாள். கீழே தையல் கடை, மேலே இரண்டு அறைகள். ஒன்றில் அவள் படுக்கிறாள். இன்னொன்றைத் திறந்து காட்டினாள். கட்டில், அதன்மேல் மெத்தை, மெத்தையைச் சுற்றி வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக். "அம்மா அப்பாவுக்குன்னு போட்டேன் சித்தி. அவங்க வரட்டும், பிரிக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றாள். உட்காரப் போனேன். படபடவென்று சத்தம் வந்தது. எழுந்துவிட்டேன்.

நான் இந்தத் தடவை வந்ததே அந்த மெத்தைக்காகத்தான். கமலா அக்கா போனில் அதிகம் பேசுகிறவள் இல்லை. போன மாதம் கூப்பிட்டு, "நீ ஒரு தடவ வந்துட்டுப் போடி. உங்க அத்தான்கிட்டப் பேசணும். நீ சொன்னா கேப்பாரு" என்றாள். கலியபெருமாள் அத்தான் யார் சொல்லியும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கிளம்பிவிட்டேன். அந்தக் கடலோரத்தை விட்டு இருவரையும் ஜங்லிகாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அக்கா ஊருக்குப் போகிற பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கித் தென்னை நிழலில் உட்கார்ந்தோம். கப்பல் தாமதமானதால் ஊரில் வெங்காயம் இல்லை. ஆகவே பேச்சு முதலில் வெங்காயத்தைப் பற்றி. பிறகு என் பக்கத்தில் இருந்த இரண்டு வங்காளிப் பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். "அந்தப் புதுப் பார்க்கில் மரமெல்லாம் நின்ற வாக்கிலேயே சாகிறதாம்." "எவனாவது மருந்து வைத்திருப்பான்." "மரத்துக்கு யார் மருந்து வைப்பார்கள்?" "மரத்தைப் பிடிக்காதவன் வைப்பான்." எனக்கு அப்போது அது வெறும் பேச்சு. டயர் மாட்டி முடிந்ததும் ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா வீடு ஒரு சரிவின் மேல் இருக்கிறது. கீழே பார்த்தால் அவர்கள் சொல்கிற பார்க். சதுப்பு நிலம், நடுவே குறுக்கும் நெடுக்குமாக மண் பாதைகள், தூரத்தில் கடல். வாசலில் நின்ற அக்கா, "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவள் வரவேற்பு அவ்வளவுதான். சாப்பாட்டில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. போன தடவை வந்தபோது கை அகல நண்டு குழம்பில் கிடந்தது. அந்த ஆசையில்தான் கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்ததைப் பொறுத்துக்கொண்டேன்.

"நண்டு எங்க அக்கா?"

"நண்டா? க்யா நண்டு? தண்ணியே வரதில்ல, நண்டு எங்கேருந்து வரும்" என்றாள். சமையலறைச் சுவரில் அவளுடைய நண்டுக் கம்பி தொங்கிற்று. நுனி வளைந்த நீளமான இரும்பு. முழுக்கத் துரு.

இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்லியாக வேண்டும். அத்தான் இளவட்டமாக இருந்தபோது ஒரு காண்டிராக்டரோடு இங்கே வந்தவர். துண்டு துண்டாக நிலம் வாங்கி, மேடு தட்டி, வரப்பு போட்டு, நெல் விளைவித்தார். சுனாமி அன்று காலை பூமி ஆடி, கரையே கீழே இறங்கிவிட்டது. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை. வயல் இருந்த இடத்தில் தினம் இரண்டு தடவை ஓதம் ஏறி இறங்கியது. கொஞ்ச வருஷத்தில் அலையாத்தி மரம் முளைத்து நின்றது. மூழ்கின நிலத்துக்கு ஏதோ கொடுத்து அரசாங்கம் எழுதி வாங்கிக்கொண்டது.

அத்தான் வீட்டு மேட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்து வீட்டு பூர்ணிமா தீதியோடு சேற்றில் இறங்கிவிட்டாள். வளையில் கம்பியை விட்டு நண்டை இழுக்கிற வித்தையை தீதிதான் கற்றுக்கொடுத்தாள். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளுக்கு நண்டு வாங்குகிற வியாபாரி வாசலிலேயே வந்து எடுத்துப் போவார். செல்வி படித்தது, தையல் மிஷின் வாங்கியது, கூரை மாற்றியது எல்லாம் நண்டில்தான். அத்தான் மட்டும் அந்த நண்டைத் தொட்டதில்லை. வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்கிற நாளில் அவருக்குத் தனியாகப் பருப்பு வேகும். என் வயலைத் தின்ற தண்ணியில விளைஞ்சது எனக்கு வேண்டாம் என்பார். அக்காவும் வேகவைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பார்க்குக்கு நடக்கப் போனேன். வாசலில் சீட்டு, உள்ளே பலகைகள். சிவப்பு வளையம், நீல வளையம், மஞ்சள் வளையம் என்று பாதைகளுக்கு நிறம். முதலை ஜாக்கிரதை என்று ஒரு பலகை. அதன் நிழலில் ஒரு பெஞ்சு. முதலைக்கும் நமக்கும் ஒரே இடத்தில் ஓய்வு கொடுக்கலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாதை அத்தனை சமம். என் முட்டி அன்றைக்கு முனகவே இல்லை. மண் இறுகி, நடுவில் லேசாக மேடுகட்டி, இரண்டு பக்கமும் சரிவாக இழைத்திருந்தது. ஆள் வைத்துச் செய்கிற அரசாங்க வேலையில் இந்த நேர்த்தி வராது.

கடலோரத்து வளையத்தில் அலையாத்தி பச்சையாக இருந்தது. கொக்குகளும் ஒரு சாம்பல் நாரையும் நின்றன. மணல் ஈ கடித்துக் கடித்துக் கணுக்கால் கொழுக்கட்டை ஆகிவிட்டது. உள் வளையத்துக்குத் திரும்பினேன். அங்கே பச்சை இல்லை. இலை உதிர்ந்த அலையாத்திகள் வேரைச் சேற்றுக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளுத்து நின்றன. சேறு வெடித்திருந்தது. நண்டு வளைகளின் வாயில் காய்ந்த மண். பெங்களூரிலிருந்து கேமராவோடு வந்திருந்த ஒரு தம்பதி கோபமாக நின்றார்கள். "போன வருஷப் படத்தில் இந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நாங்கள் புகார் எழுதப்போகிறோம்" என்று அந்த அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் என்னவோ இலாகா ஆள் போல.

எனக்கு வேறொன்று உறுத்தியது. நடைபாதை என்றால் வளைந்து நெளிந்து போகும். இது நேராகப் போய் மூலையில் சட்டென்று மடங்கிற்று. கொஞ்ச தூரத்தில் மறுபடி மடங்கிற்று. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. கடைமடை ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாவிட்டால் வேறு எதுதான் தெரியும்? நான் நடந்துகொண்டிருந்தது வரப்பு. காய்ந்த சேறும் செத்த மரமுமாகக் கிடந்தது வயல்.

பாதைக்குக் கீழே தண்ணீர் போய்வரக் குழாய்கள் பதித்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு குழாய் வாயிலும் மண் மூட்டை. நிமிர்ந்தபோது அத்தான் எதிரே நின்றார். தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு.

"பாத்துட்டியா?" என்றார். அவர் முகத்தில் கூச்சம் ஏதுமில்லை. பரிசு வாங்கிய பிள்ளை அட்டையைக் காட்டுகிற முகம்.

"இந்தப் பாதை நீங்க போட்டதா அத்தான்?"

"பார்க் போட்டப்ப மேஸ்திரி வேலை குடுத்தாங்க. சாப்கிட்டச் சொன்னேன், பழைய வரப்பு அடியில இருக்கு சாப், அது மேலயே மண்ணு போட்டா கெட்டியா நிக்கும்னு. அச்சா, டீக் ஹைன்னுட்டாரு. பைப்பு வெக்கச் சொன்னாரு, வெச்சேன்."

"மூட்டையும் அவர்தான் வெக்கச் சொன்னாரா?"

சிரித்தார். ஓதம் ஏறும்போது அடைப்பது, வற்றும்போது திறந்து உள்ளே இருக்கிற மழைத் தண்ணீரை வடியவிடுவது. ராத்திரி பகல் பார்க்காமல் இதே வேலை. இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. மழை மண்ணில் இருந்த உப்பைக் கழுவிக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. வெடித்த சேற்றைக் காட்டி, "இது நாலு மூலையன். அது கிணத்தடியான். அந்தா, கொக்கு நிக்கிது பாரு, அது கமலா பேருல வாங்குனது" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது அரசாங்க நிலம் அத்தான். மரத்தையெல்லாம் சாகடிச்சுட்டீங்க. அக்கா பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க."

"நிலம் அரசாங்கத்துது. வயல் என்னுது" என்றார். மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "நான் கேட்டது கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். கிளம்புவதற்கு முன் அவரும் தனியாகப் போன் செய்து ஒரு பை விதைநெல் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்து உப்பு மண்ணில் வருகிற குழியடிச்சான். கோழிக்கு அள்ளி இறைக்கக்கூட அவரிடம் நெல் இல்லையே, ஆசைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மேட்டில் உட்கார்ந்து நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு மாலை அக்கா அந்தப் பையைப் பார்த்தாள். அவிழ்த்து, ஒரு நெல்லை நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு முடிச்சுப் போட்டு வைத்தாள். அத்தான் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டே என்னிடம் சொன்னார். "நாளைக்குக் காலையில பச்சத்தண்ணி பல்லுல படாம வா. வாய் பாக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கடைமடையில் ஆறு வற்றினால் கடல் வாய்க்காலில் ஏறிவரும். தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் வயலுக்குப் பாய்ச்ச மாட்டார்கள். ஆனால் வயல்காரர் பார்த்துச் சொன்னால் செல்லாது. பயிர் கருகுகிற நேரத்தில் அவர் வாய்க்கு எல்லாத் தண்ணீரும் இனிக்கும். அதனால் வேற்றூர் ஆளை வெறும் வயிற்றோடு கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்வார்கள். அந்த ஆள் உப்பு என்றால் உப்பு. மறு பேச்சு கிடையாது.

"இங்க எவன் வாயும் ஆவாது. எல்லாம் காராப் பானி, உப்புத்தண்ணி குடிச்ச வாயி. நீ நம்ம ஊருக்காரி. நீ சொல்லு. இனிப்புன்னா இந்த வருஷம் விதைக்கிறேன். உப்புன்னா பஸ், ஹோகயா, அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. மூட்டையெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு உங்கக்காவோட ஜங்லிகாட் போயிடறேன்."

அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். இருபது வருஷம் கடல் கிடந்த மண். மாசி மாதம் வேறு, வெயிலில் உப்பு மேலே பூக்கிற காலம். இனிக்கவாவது! பேசிக் கரைக்க வந்த எனக்கு ஒரு வாய்த் தண்ணீரில் வேலை முடியப்போகிறது. பாத்திரம் கழுவும்போது அக்காவிடம், "கவலைப்படாத, நாளைக்கே மூட்டை கட்டிடலாம்" என்றேன்.

"வாயில என்ன படுதோ அதச் சொல்லு. எனக்காக ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

விடிந்ததும் மூன்று பேரும் இறங்கினோம். அக்காவும் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடல் வற்றியிருந்தது. அத்தான் போகிற வழியில் மூட்டைகளை நகர்த்தி மடை திறந்துகொண்டே வந்தார். கிணத்தடியான் வயல் நடுவில் இரண்டு செத்த மரங்களுக்கு இடையே குழி தோண்ட ஆரம்பித்தார். "மேல்தண்ணி மழைத்தண்ணி. அது யாரையும் ஏமாத்தும். அடியில ஊறுறதப் பாக்கணும்" என்றார். முழங்கால் ஆழம் போனதும் நிறுத்தினார். தண்ணீர் மெதுவாகக் கசிந்தது. கலங்கல் அடங்கும் வரை காத்திருந்தோம்.

அத்தான் உள்ளங்கையில் அள்ளி நீட்டினார். எவ்வளவோ காய்ப்பு ஏறிய கை. அதிலிருந்தே உறிஞ்சினேன். வாயில் வைத்துக்கொண்டேன். சேற்று வாடை அடித்தது. நாக்கின் ஓரத்தில், அடியில், தொண்டைக்கு முன்னால் எல்லாம் உப்பைத் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். துப்பிவிட்டு இன்னொரு கை கேட்டேன்.

உப்பு இல்லை.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு என்று சொல்ல எனக்கு எத்தனை ஆசை தெரியுமா? ஜங்லிகாட், மெத்தை, செல்வி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. வெறும் வயிற்றோடு நிற்கிற ஆள் இதில் பொய் சொல்வதில்லை. எங்கள் ஊரில் பரம விரோதியின் வயலுக்குக்கூடச் சொல்வதில்லை.

"இனிப்புதான் அத்தான்" என்றேன்.

அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். சேற்றை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாரா, கண்ணைத் துடைத்தாரா தெரியவில்லை. பிறகு எழுந்து, விதையை எங்கே ஊறவைப்பது, முதலில் எந்த வயல், பூர்ணிமா தீதி வீட்டு மாட்டை உழக் கேட்கலாமா என்று மூச்சு விடாமல் பேசினார். என்றைக்காவது ஓர் ஆபீசர் குனிந்து குழாயைப் பார்ப்பார், அன்றைக்கு இத்தனையும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல மனம் வரவில்லை. கசப்பாக இருந்தது. உப்பாக இருந்திருந்தால் துப்பிவிட்டு மறந்திருப்பேன்.

அக்கா ஒரு கை அள்ளித் தானும் குடித்தாள். தலையை ஆட்டினாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அவரிடம். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்குள் நான் போனபோது அவள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சோறு வடித்து, பருப்பு வைத்து மூடியிருந்தாள். நண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு பூர்ணிமா தீதி வீட்டுக்குப் போய், "கடல் பக்கம் போனா வெச்சுக்க" என்று இந்தியில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"எங்க அக்கா?"

"செல்வி வீட்டுக்கு. சலோ, பஸ்ஸு வந்துரும்."

"அத்தான்?"

"அவருக்கு வேலை இருக்கு."

பஸ் நிறுத்தம் பார்க் வாசலுக்கு அந்தப் பக்கம். வரப்பின் மேல்தான் போக வேண்டும். கடல் ஏற ஆரம்பித்திருந்தது. அத்தான் மடை வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். விட்டால் இரண்டு வருஷ வேலை ஒரு ஓதத்தில் போய்விடும். நிமிர்ந்து, "பை எதுக்கு? செல்விக்கா? என்னிக்கு வர?" என்று கத்தினார்.

"சோறு மூடி வெச்சிருக்கேன்" என்று அக்கா கத்தினாள். நிற்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அக்கா, இத்தன வருஷம் அந்தச் சேத்துல கெடந்த. அவரு உன் தண்ணியை அடைச்சப்பக்கூட வாயைத் திறக்கல. போகணும்னா அப்பவே போயிருக்கலாமே. இன்னிக்கு அவரு ஜெயிச்ச அன்னிக்கா கிளம்பணும்?"

அக்கா கண்டக்டரிடம் இரண்டு சீட்டு வாங்கினாள். மீதிச் சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"தோத்துப்போயி உக்காந்திருந்த மனுஷன விட்டுட்டு எப்படிடி போறது?" என்றாள். "அவரு எழுந்திரிக்கட்டும்னுதான் இருந்தேன். இன்னிக்கு எழுந்திரிச்சுட்டாரு. பஸ், ஹோகயா."